பஞ்சத்துக்கு வெட்டிய மரம்

ஜவ்வாது: ஒரு மலையின் வரலாறு – 9

(சென்ற வாரம்: கங்குந்தி வேடர்கள் தூக்கிச் சென்ற ஏழு பெண்களை மீட்கக் காஞ்சிபுரத்திலிருந்து காரைக்காட்டு வேளாளர் ஏழு பேர் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் எங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் தட்டுத்தடுமாறி அக்கரை ஏறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்று பழிதீர்த்து வந்தபோது ஏழு பேருக்கும் காரியம் முடிந்திருந்தது. மனைவிமார் தாலி அறுத்திருந்தார்கள். ஊருக்குள் இடமில்லாமல்போன ஏழு பேரும் வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினார்கள்.)

இது மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைமக்களின் பூர்வகதை. கேரளத்துக்காரர் அல்லர்; தமிழ் பேசுபவர்கள். வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் குலங்களும் குடிகளும் பற்றிய நூல்தொகுதியிலும் ஏறிய கதை. இதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்டால் கைவிரிக்கத்தான் வேண்டும். ஆனால் கதை உண்மையோ பொய்யோ, மலை ஏறிய எந்தக் கூட்டத்துக்கும் முதல் நாள் மாலையில் ஒரு கேள்வி எழுந்தே இருக்கும்.

ராத்திரிக்கு என்ன சாப்பிடுவது?

விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவே

ஜவ்வாது மலையின் சோறு என்றால் இன்று சாமைதான். மடியில் விதையோடு வந்தவர்களாகவே இருக்கட்டும். காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, மழைக்குக் காத்திருந்து விதைத்தால், கதிர் அறுக்க அதற்குமேல் மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை வயிறு காத்திருக்குமா?

மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்குத்தான் இது புதிர். ஏற்கெனவே இருந்தவர்களுக்கு விடை தெரியும். மலையின் தெற்கு அடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், சேயாற்றங்கரையில் நடந்துபோகும் கூத்தர்களுக்கு எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று விவரமாகச் சொல்கிறது. தினைச்சோறு, மூங்கிலரிசி, பலாக்கொட்டை மாவு, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல். விதைத்து அறுத்தது பாதி, காடு கொடுத்தது பாதி.

அந்தக் காட்டுப் பாதியில் இன்றும் கண்ணில் படும் ஒன்று ஈச்சை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் புல்சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் ஆள் உயரத்துக்கு நிற்கும் சிற்றீச்சை. கோடையில் காட்டுத்தீ ஓடினால் சுற்றியுள்ள புல்லெல்லாம் கரியாகும். ஈச்சை மட்டும் கருகிய தண்டின் உச்சியிலிருந்து மறுபடி ஓலைவிடும். ஓலை துடைப்பத்துக்கும் பாய்க்கும் கூடைக்கும் ஆகும். பழம் சிறிசு, கொட்டை போக மிஞ்சுவது ஒரு பூச்சுச் சதைதான் என்றாலும் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் விடுவதில்லை. முள்ளை ஒதுக்கி, மட்டைகளை உரித்துக்கொண்டே போனால் நடுவில் வெள்ளை வெளேரென்று குருத்து. லேசான இனிப்பு, பின்னால் ஒரு துவர்ப்பு.

குருத்தைத் தின்பதில் ஒரு சிக்கல். மா, புளி மாதிரி ஈச்சைக்குப் பல கிளைகள் கிடையாது. தண்டுக்கு ஒரே உச்சி, ஒரே குருத்து. அதை எடுத்தால் அந்தத் தண்டு முடிந்தது. ஆகவே ஈச்சையை அறிந்தவர்கள் ஓலையை அறுப்பார்கள், பழத்தைப் பறிப்பார்கள், குருத்தில் கைவைக்க யோசிப்பார்கள்.

குருத்துக்கும் கீழே, தண்டின் உடம்புக்குள் இன்னொரு பண்டம் உண்டு. அதை எடுக்க வேண்டுமானால் மரத்தையே சாய்த்துப் பிளக்க வேண்டும். வேறு எதுவுமே இல்லை என்கிற நாளில்தான் அதற்கு மனம் வரும்.

1791-இல் தெலுங்குக் கரையில் அந்த நாள் வந்தது.

உலக்கைக்கு வந்த மரம்

அதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர் ஒரு டாக்டர். ஸ்காட்லாந்துக்காரர். பெயர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1776-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை வந்தவர், 1781 முதல் கோதாவரிக்குப் பக்கத்தில் சாமல்கோட்டையில் இருந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, தோட்டம் போட்டு மிளகு பயிரிட்டுப் பார்த்தார். காற்றழுத்தமும் மழையும் வெயிலும் தினமும் குறித்தார். 1787 மே மாதப் புயலில் கடல் கரையேறி வந்து அவருடைய நூல்களையும் குறிப்புகளையும் செடிச் சேகரிப்பையும் வாரிக்கொண்டு போனது. ராக்ஸ்பர்க் முதலிலிருந்து தொடங்கினார். உள்ளூர் ஓவியர்களை உட்காரவைத்துச் செடி செடியாக வரையச் சொன்னார். அந்த ஓவியங்கள்தான் 1795 முதல் லண்டனில், சோழமண்டலக் கரையின் செடிகள் என்ற பெயரில், 300 படங்களோடு மூன்று பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. வரைந்த கைகளின் பெயர்கள் அதில் இல்லை.

புயல் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். மழை பொய்க்கத் தொடங்கியது. 1789 தொடங்கி 1792 வரை தெலுங்குக் கரையும் தக்காணமும் காய்ந்தன. புதைக்க ஆளின்றி மண்டையோடுகள் கிடந்ததால் வடக்கே அதற்கு மண்டையோட்டுப் பஞ்சம் என்றே பெயர் வந்தது. அரிசி கைக்கெட்டாத விலைக்குப் போனது. சில சமயம் காசு கொடுத்தாலும் இல்லை.

அப்போது ஏழைகள் போனது கடற்கரை மணல்வெளிக்கு. அங்கே மண்டிக் கிடந்தது, மலை ஈச்சைக்கு நெருங்கிய இனமான குட்டை ஈச்சை. தண்டு ஒன்றரை அடிகூட வராது. தடிமன் அரை அடி. அதற்குள்தான் அவர்கள் தேடிய பண்டம் இருந்தது.

செய்முறையை ராக்ஸ்பர்க் படிப்படியாக எழுதியிருக்கிறார். ஓலைகளைக் கழித்துவிட்டுத் தண்டை ஆறு அல்லது எட்டுத் துண்டாகப் பிளப்பார்கள். வெயிலில் உலர்த்துவார்கள். மரஉரலில் போட்டு உலக்கையால் இடிப்பார்கள். நார் நாராகவும் மாவு மாவாகவும் பிரிந்துவரும். சலித்து நாரை ஒதுக்கினால் மிஞ்சுவது மாவு. அதைக் கொதிக்கவைத்தால் கெட்டியான கஞ்சி. ருசியாக இருந்ததா? இல்லை. வேகும்போதே கசப்பு ஏறிவிடும், சத்தும் சாகோ என்ற பனைமாவைவிடக் குறைவு என்று டாக்டர் ஒளிக்காமல் எழுதினார். அடுத்த வரியிலேயே, இந்தக் கசப்புக் கஞ்சி பல உயிர்களைக் காப்பாற்றியது என்றும் எழுதினார்.

செடிக்கு லத்தீனில் பெயர் சூட்டும்போது, மாவு தருவது என்ற பொருளில் 'ஃபீனிக்ஸ் ஃபாரினிஃபெரா' என்றார். படத்தோடு அது முதல் தொகுதியில் அச்சேறியது.

ஒரு கணக்கை மட்டும் அவர் போடவில்லை. நாம் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை அடித் தண்டில் நார் போக எவ்வளவு மாவு தேறும்? ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் கஞ்சிக்கு எத்தனை தண்டு விழ வேண்டும்? வெட்டிய இடத்தில் அடுத்தது அந்த அளவுக்கு வளர எத்தனை வருஷம்? பஞ்சம் நான்கு வருஷம் நீடித்தால் மணல்வெளியில் எது முதலில் தீரும், பசியா ஈச்சையா?

இந்தக் கேள்விக்கு ராக்ஸ்பர்க்கின் இன்னொரு குறிப்பில் பதில் இருக்கிறது. அங்கே போகுமுன், அதே பஞ்ச காலத்தில் ஜவ்வாது அடிவாரத்தில் நடந்த ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால், மலையின் மேற்கு அடிவாரம் கைமாறியது அப்போதுதான்.

1792

மார்ச் 1792. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். இரண்டு மகன்கள் பிணையாகப் போனார்கள். ராஜ்யத்தில் பாதி போனது. போனதில் பாராமகாலும் ஒன்று. ஜவ்வாது மலையின் மேற்குச் சரிவில் நின்று பார்த்தால் தெரியும் திருப்பத்தூர்ச் சமவெளி அதில் அடக்கம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகியாக வந்தார். உதவிக்கு வந்த இளைஞர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இருவரும் சேர்ந்து வயல் வயலாக அளந்து ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். எது யாருக்குச் சொந்தம், எதற்கு எவ்வளவு தீர்வை என்று ஏடு திறந்தது. அந்த ஏட்டில் நன்செய் வந்தது, புன்செய் வந்தது. மலைமேல் நின்ற ஈச்சைக்கு அதில் எந்தப் பத்தி?

அதே 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டி முடிந்தது. மைக்கேல் டாப்பிங் என்ற கம்பெனி வானியலாளர் கட்டியது. வருஷம் பொறித்த கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. நட்சத்திரம் பார்த்த இதே டாப்பிங்தான் பஞ்சத்துக்குப் பிறகு கோதாவரி, கிருஷ்ணா பக்கம் போய், ஆற்று நீரை வயலுக்குத் திருப்ப முடியுமா என்று நிலத்தை மட்டம் பார்த்தார். அங்கே நடந்த வானாய்வு பிற்பாடு கோடைக்கானல் போய், 1968-இல் ஜவ்வாது மலைக் காவலூருக்கு வந்து சேர்ந்தது. இன்று 2.3 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி நிற்கும் இடத்தின் மூதாதை பஞ்சத்தின் நடுவே கட்டப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

ஒரே வருஷத்தில் மூன்று பேர். ஒருவர் நிலத்தை அளந்தார், ஒருவர் வானத்தை அளந்தார், ஒருவர் மரக்கஞ்சி குடித்துப் பார்த்தார். மூன்று குறிப்புகளும் போய்ச் சேர்ந்தது ஒரே கம்பெனிக்கு.

மரக்கஞ்சியை அவரே குடித்தாரா? குடித்தார். ஆனால் அது ஈச்சங்கஞ்சி அல்ல.

மழைக்காட்டுப் பனை

கல்யாண வீட்டு வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் இளநீர்க்குலை, நுங்குக்குலை, பாக்குக்குலையோடு, அவிழ்த்துவிட்ட தலைமயிர் போல நீளமாகத் தொங்கும் ஒரு குலையைப் பார்த்திருப்பீர்கள். அது கூந்தற்பனையின் குலை. அந்த மரம் வேண்டுவது ஈரம். வருஷத்தில் பாதி காய்ந்து கிடக்கும் ஜவ்வாதின் இலையுதிர் காடு அதற்குச் சரிப்படாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடும் இலங்கையின் ஈரமலைகளும் அதன் வீடுகளில் முக்கியமானவை.

மற்றப் பனைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தென்னை வருஷா வருஷம் காய்க்கும். கூந்தற்பனை பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் பூக்காமலே வளரும். தின்றதையெல்லாம் மாவாக்கித் தண்டுக்குள் சேர்த்துவைக்கும். பிறகு ஒரு நாள் உச்சியில் முதல் பாளை வெடிக்கும். அடுத்த பாளை அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே என்று சில வருஷம் இறங்கிக்கொண்டே வரும். கடைசிக் குலை பழுத்ததும் மரம் செத்துவிடும். ஆயுசு முழுக்கச் சேர்த்த மாவு அந்த ஒரே பூப்புக்குச் செலவாகிவிடுகிறது.

மனிதன் குறுக்கே வருவது அங்கேதான். பாளையைச் சீவினால் மாவு சர்க்கரையாக மாறி வடியும். இலங்கையில் கித்துள் பாணியும் கித்துள் கருப்பட்டியும் அந்தப் பதநீரைக் காய்ச்சி எடுத்தவை. புளிக்கவிட்டால் கள். நல்ல மரம் ஒரு நாளைக்குச் சுமார் 50 லிட்டர் தரும் என்று ராக்ஸ்பர்க் எழுதினார். பூக்கும் முன்பே மரத்தைச் சாய்த்தால் மாவாகவே எடுத்துவிடலாம். ஓலை யானைக்குத் தீனி. நார் கயிறாகும். பழத்தை மட்டும் தொடக் கூடாது. அதன் சதையில் உள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் எரித்துவிடும்.

கேரளத்தில் இதைச் சூண்டப்பனை என்பார்கள். ராக்ஸ்பர்க்குக்கு நூறு வருஷம் முன்னாலேயே, 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்த்துஸ் மலபாரிகஸின் முதல் தொகுதியில் அது இடம்பெற்றுவிட்டது. டச்சுத் தளபதி வான் ரீட் தொகுத்த அந்த 12 தொகுதிகளுக்குச் செடி அறிவைத் தந்தவர்களில் முதன்மையானவர் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன்.

ராக்ஸ்பர்க் குடித்துப் பார்த்தது இந்தக் கூந்தற்பனைக் கஞ்சியை. மலாய் நாடுகளிலிருந்து கப்பலில் வரும் சாகோவுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பது அவர் தீர்ப்பு. சாகோவும் பனைமாவுதான், தென்கிழக்காசியச் சதுப்புக் காடுகளில் வளரும் இன்னொரு பனையின் தண்டிலிருந்து எடுப்பது. நம் பாயசத்து ஜவ்வரிசியின் மூத்த வடிவம் அதுதான். 1940-களில் யுத்தம் மலாயாவின் வழியை அடைத்தபோது, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து அதே மணிகளை உருட்டத் தொடங்கினார்கள். அந்தக் கதைக்கு இந்தத் தொடரில் தனி அத்தியாயம் காத்திருக்கிறது.

இனி, பாக்கி வைத்த பதில். கூந்தற்பனை நிறைய இருந்த இடங்களில் மக்கள் அதன் மாவில் ரொட்டி சுட்டார்கள், கஞ்சி காய்ச்சினார்கள். பஞ்சத்தில் அவர்களுக்குக் கஷ்டம் குறைவாக இருந்தது என்று எழுதிய ராக்ஸ்பர்க், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: அந்த மரங்கள் தீரும்வரை.

தீரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பஞ்சம் ஓய்ந்ததும் சென்னை அரசுக்கு யோசனை எழுதி அனுப்பினார். தென்னை, பலா, சாகோ என்று மழை பொய்த்தாலும் சோறு போடும் மரங்களை முன்கூட்டியே நட்டுவையுங்கள் என்றார். பஞ்சம் வந்தபின் வெட்ட மரம் தேடாதே, பஞ்சத்துக்கென்றே மரம் வளர். இதுதான் அதன் சாரம்.

1793-இல் ராக்ஸ்பர்க் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாளராகப் போய்விட்டார். யோசனை இங்கேயே தங்கியது. 1876-இன் பெரும் பஞ்சத்துக்கு இன்னும் 80 வருஷத்துக்கு மேல் இருந்தது. வெட்டுவதற்கு அப்போது மரம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. வெட்ட விட்டார்களா என்பது வேறு கேள்வி.

யாருடைய காடு?

1876-இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் வழியாக நம் காதுக்கு வந்த அந்தப் பஞ்சம் 1878 வரை நீண்டது. ஜவ்வாதைச் சுற்றியிருந்த வட ஆற்காடும் சேலமும் அதில் சிக்கின. இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். இது உயிரைத் தாங்காது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

சமவெளியில் கஞ்சித்தொட்டி திறந்தது. மலைக்காரனுக்குக் காடே கஞ்சித்தொட்டி. ஆனால் பஞ்சம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் கல்கத்தாவில் ஒரு சட்டத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். 1878-இல் அது இந்திய வனச் சட்டம் ஆனது. காடு சர்க்காருடையது, மக்களுக்கு இருப்பது சர்க்கார் விட்டுக்கொடுத்த சலுகை. அதன் அடிப்படை இவ்வளவுதான்.

இங்கேதான் யாரும் எதிர்பாராத திருப்பம். மற்றப் பல மாகாணங்கள் தலையாட்டியபோது சென்னை முரண்டு பிடித்தது. எதிர்த்தது மலைமக்களின் தலைவரோ பத்திரிகையோ அல்ல. சென்னை சர்க்காரின் சொந்த வருவாய் வாரியம். ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு இந்த மாகாணத்தில் அநேகமாக இல்லை, விறகும் மேய்ச்சலும் காட்டுப் பண்டமும் மக்களுக்கு நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து உள்ள உரிமை என்பது அதன் வாதம். எனவே 1878-ஆம் வருஷத்துச் சட்டம் சென்னை மாகாணத்துக்குள் நுழையவே இல்லை. ஜவ்வாது மலையில் ஈச்சங்குருத்தைப் பிடுங்கியவனைப் பிடிக்க அன்று சட்டம் கிடையாது.

நான்கே வருஷம். 1882-இல் அதே சென்னை தனக்கென்றே ஒரு வனச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒதுக்குக்காடு என்று எல்லை வகுத்துவிட்டால், அதற்குள் அனுமதியின்றி மரம் வெட்டினால் குற்றம், மாடு மேய்த்தால் குற்றம், தீ வைத்தால் குற்றம், புனம் திருத்தினால் குற்றம். தண்டனை சிறைவரை. ராக்ஸ்பர்க் பல உயிர்களைக் காத்ததாகக் குறித்த அதே வேலை, அதாவது பசித்தவன் காட்டில் ஓர் ஈச்சையைச் சாய்த்துப் பிளப்பது, ஒதுக்குக்காட்டுக்குள் இனி வழக்கு.

கள்ளுக்கும் அதே கதி. 1886-இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. பாளையைச் சீவ உரிமம், மரத்துக்கு வரி. தண்டில் உள்ள மாவை வனத்துறை காத்தது. பாளையில் வடிந்ததை ஆப்காரித் துறை எண்ணியது.

மக்களின் உரிமை என்று அடித்துப் பேசிய வாரியத்தின் வாயை அந்த நான்கு வருஷத்துக்குள் அடைத்தது யார்? மிரட்டலா, காசா, வாதமா? கோப்புகளைப் புரட்டினால் 1881-இல் சென்னையில் வந்திறங்கிய ஒருவரிடம் போய் நிற்கிறோம். ஆங்கிலேயர் அல்லர், ஜெர்மனியின் பான் நகரத்துக்காரர். இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக 17 வருஷத்துக்கு முன்பே பதவியேற்றவர், டீட்ரிச் பிராண்டிஸ். சென்னைக் காடுகளைச் சுற்றிப் பார்த்து ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டிருந்தார். விசித்திரம் என்னவென்றால், சர்க்காருக்காகக் காட்டை வளைக்க வந்த இதே மனிதர், காட்டில் ஒரு பங்கை கிராமத்துக்கே விட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும்கூட.

அவர் கேட்டதில் எந்தப் பாதி நடந்தது? எந்தப் பாதி காகிதத்தோடு நின்றது? எல்லைக் கற்கள் ஜவ்வாது மலை ஏறியபோது சாமைக் கொல்லைகள் எந்தப் பக்கம் விழுந்தன?

(அடுத்த வாரம்: பிராண்டிஸ் வருகிறார்)